அழைப்பிதழ் எழுதும் நாள்

ஜனவரி 19

பொங்கல் முடிந்து தெருவில் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. அந்தச் சத்தம் கேட்டால்தான் ராசிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள வெண்ணந்தூரில் எங்களுக்கு விடிந்ததுபோல் இருக்கும்.

கல்லூரியில் துறைக் கூட்டம். மார்ச் முதல் வாரத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு. தலைப்பு: தமிழ் இலக்கியத்தில் நிலமும் நீரும். ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. ஒப்புக்கொள்ளும்போதே, "குப்பை சேராமல் நடத்துவோம்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு வேறொரு கல்லூரியில், நீர்நிலைப் பாதுகாப்பு பற்றிய கருத்தரங்கில் கட்டுரை படிக்கப் போயிருந்தேன். மாலையில் கிளம்பும்போது உணவுக்கூடத்தின் பின்புறம் ஒரே புகை. காகிதக் கோப்பைகள், தண்ணீர் பாட்டில்கள், பிளாஸ்டிக் பூசிய தட்டுகள், அவற்றின் மேல் காலையில் மேடையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனர். எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்தியிருந்தார்கள். ஃபிளெக்ஸ் என்பது பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. எரித்தால் டயாக்சின் என்னும் நஞ்சு வெளியாகும். பேனரில் அச்சிட்டிருந்த குளத்தின் படம் கடைசியாகத்தான் கருகியது. அந்த வாடை ராசிபுரம் பேருந்து நிலையம் வரை என் புடவையில் இருந்தது.

ஜனவரி 22

கோப்பையையும் பேனரையும் ஒழித்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இன்று படித்தவை அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன.

2019 டிசம்பரில் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. வந்தவர்கள் 28,000 பேர். அவர்கள் போய்வந்த தூரம் மொத்தம் 28.5 கோடி கிலோமீட்டர். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அந்தப் பயணங்களால் வெளியான கரியமில வாயு 80,000 டன் அளவு என்று 2020இல் 'நேச்சர்' இதழில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு விவரம் என்னை நிறுத்திவைத்தது. 8,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரைவிடச் சற்றே அதிகம். ஆனால் மொத்தச் சுமையில் முக்கால் பங்கு அவர்களுடையது.

கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மாநாட்டை முழுவதும் இணையவழியில் நடத்தினால் அதன் கரிமச் சுமை 94 சதவீதம் குறையும் என்கிறது. பாதிக்கு மேற்பட்டோர் நேரில் கூடினாலும், கூடும் மையங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கலாமாம். இப்படி நடத்தியும் காட்டியிருக்கிறார்கள். 2018இல் இசை உளவியல் அறிஞர்களின் பன்னாட்டு மாநாடு ஆஸ்திரியாவின் கிராஸ், அர்ஜென்டினாவின் லா பிளாட்டா, மான்ட்ரியால், சிட்னி ஆகிய நான்கு ஊர்களில் ஒரே நேரத்தில் நடந்தது. அவரவர் தமக்குப் பக்கத்து ஊருக்குப் போனார்கள்.

நம் கதையையும் நினைத்துக்கொண்டேன். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியபோது, கடல் கடந்து போனால்தான் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க முடியும். 2019இல் பத்தாவது மாநாடு சிகாகோவில் கூடியபோது வேறு வழி இருந்தது. இருந்தும் எல்லாரும் விமானம் ஏறுவதையே மாநாடு என்கிறோம்.

ஜனவரி 27

பழைய கருத்தரங்கு ஒன்றின் ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். தொடக்க விழாச் சிறப்பு விருந்தினர் கோயம்புத்தூரிலிருந்து தனிக் காரில் வந்திருக்கிறார். இருபது நிமிடம் பேசி, பொன்னாடை வாங்கிக்கொண்டு, மதியமே திரும்பியிருக்கிறார்.

போகவர 330 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 22 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. ஆக, 59 கிலோ. நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. அப்படிப் பார்த்தால் அந்த இருபது நிமிடப் பேச்சு 84 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட்.

அதே கருத்தரங்குக்கு ஆய்வு மாணவி ஒருத்தி கொல்லிமலையிலிருந்து பேருந்து மாறி மாறி வந்தாள். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். தேநீர் இடைவேளையில் ஒரு பேராசிரியரிடம் பேசியதில் அவளுடைய ஆய்வுக்கே புதிய திசை கிடைத்தது. திரை வழியாக அவளுக்கு அது கிடைத்திருக்காது. எனவே பயணத்தை ஒழிப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. யாருக்குப் பயணம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்தறிய வேண்டும். முகம் பார்த்துப் பேச வேண்டியவர் மாணவர். முகம் காட்டிவிட்டுப் போகிறவருக்குத் திரை போதும்.

இரவு அழைப்பிதழின் முதல் வடிவம் எழுதினேன். வருபவர் இரண்டு நாளும் உடன் இருக்க வேண்டும். இயலாதவர் இணையவழியில் பேசலாம். தொடக்கவுரை திரையில். கல்லூரிக்கு வரும் பேருந்துகளின் நேரம், ராசிபுரம் ரயில் நிலையத்தில் இறங்கி வரும் வழி இரண்டும் அழைப்பிதழிலேயே இருக்கும். சேலம்–கரூர் பாதையில் 2013 முதல் பயணிகள் ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்து பழனி எக்ஸ்பிரஸில் ஏறினால் ராசிபுரத்திலேயே இறங்கலாம். எத்தனை அழைப்பிதழில் இதை எழுதியிருக்கிறோம்?

பிப்ரவரி 4

ஏற்பாட்டுக் குழுக் கூட்டம். எதிர்பார்த்த கேள்வியை மூத்த பேராசிரியர் ஐயாவே கேட்டார். "கார் அனுப்பாம, திரையில பேசச் சொன்னா மரியாதைக் குறைவா நினைச்சுக்குவாங்கம்மா."

"ஐயா, அவங்க பேசறதை நூறு பேர் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்கறதுதானுங்க மரியாதை. கேள்வி கேட்க அரை மணி நேரம் கூடவே ஒதுக்கியிருக்கேன்" என்றேன். ஐயா சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

அடுத்து ஆவணம். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தால் பேனரோடு, இடம் பதியும்படி எடுத்த ஜியோடேக் படம், அச்சிட்ட ஆய்வுக்கோவை, சான்றிதழ் நகல் எல்லாம் காட்ட வேண்டும் என்றார்கள். உண்மைதான். அதே நாக் குழு கல்லூரியின் பசுமைத் தணிக்கை அறிக்கையையும் கேட்கிறது என்று எடுத்துச் சொன்னேன். பேனர் துணியில் இருந்தாலும் படத்தில் எழுத்து தெரியும்.

ஆய்வுக்கோவைக்கும் ஒரு கணக்கு. 400 பக்க நூலை ஒரு ஏ4 தாளுக்கு நான்கு பக்கமாக 120 படி அச்சிட்டால் 12,000 தாள், 24 ரீம், 60 கிலோ காகிதம். தம் கட்டுரை உள்ள பக்கங்களைத் தவிர மற்றவற்றைப் புரட்டுகிறவர் சிலரே. மின்னூலாக எல்லாருக்கும் அனுப்புவது, நூலகங்களுக்கு மட்டும் பத்துப் படி அச்சிடுவது, ஐஎஸ்பிஎன் எண் வழக்கம்போல் வாங்குவது என்று முடிவானது. சான்றிதழ் மின்னஞ்சலில். அச்சுப்படி வேண்டுவோர் கேட்டு வாங்கலாம். பணி உயர்வுக் கோப்புக்கு அது தேவைப்படும் ஆசிரியர்களை அலைக்கழிக்கக் கூடாது.

பிப்ரவரி 12

பக்கத்து வீட்டு அண்ணனின் தறிக்கூடத்தில் மாலை முழுவதும். 2020 ஊரடங்கில் நான் இணையவழியில் உரையாற்றிய நாள்களில், எனக்காக அரை மணி நேரம் தறியை நிறுத்திவைத்தவர். அவருக்கு நிறுத்திய நேரமெல்லாம் கூலி இழப்பு. இந்த முறை அவரிடமே துணி வாங்குகிறேன்.

பேனருக்குச் சாயமிடாத பருத்தித் துணி. எழுதப்போவது எங்கள் மாணவர்கள். கேரளம் 2019இல் பிவிசி ஃபிளெக்ஸைத் தடை செய்தபோது அங்கே பலர் துணிப் பேனருக்குத் திரும்பினார்கள். ஆண்டைக் குறிக்காமல் எழுதினால் அடுத்த கருத்தரங்குக்கும் ஆகும். சரிகை போட்ட பாலியஸ்டர் பொன்னாடைக்குப் பதில் ஒரு பருத்தித் துண்டு. நம் பக்கத்தில் துண்டு போடுவதுதானே மரியாதை? வீட்டுக்குப் போனபின் முகம் துடைக்கவும் உதவும்.

"வர்றவங்களுக்கெல்லாம் பையும் தெச்சுக் கொடுத்தரலாங்களா?" என்று கேட்டார் அண்ணன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் டென்மார்க் அரசின் 2018 ஆய்வு, பருவநிலைக் கணக்கில் மட்டுமே ஒரு பருத்திப் பை சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் அதை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்கிறது. நம் அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு எல்லார் வீட்டிலும் பை இருக்கிறது. இருக்கும் பையைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்தேன். பை, பேனா, குறிப்பேடு எதையும் தரப்போவதில்லை.

பிப்ரவரி 21

சமையல்காரரோடு பேச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு. ஆனால் கடையில் கேட்டால் கிடைக்கிறது. கோப்பையின் உட்புறம் உள்ள மெல்லிய படலம் பிளாஸ்டிக். சூடான திரவம் 100 மில்லி, 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வர்கள் 2020இல் கண்டார்கள். நூறு பேர், நாளைக்கு இரண்டு தேநீர், இரண்டு தடவை தண்ணீர். இரண்டு நாளில் 800 கோப்பை.

"எவர்சில்வர் டம்ளர் நூத்தியம்பது என்கிட்ட இருக்குதுங்கம்மா. கழுவ ரெண்டு ஆள் மட்டும் போடோணும்" என்றார். சேலத்தில் உருக்காலை உள்ள சீமையில் எவர்சில்வர் டம்ளருக்கா பஞ்சம்! கோப்பைக்குக் கொடுக்கும் பணத்தை, கழுவும் இரண்டு பெண்களுக்குக் கூலியாகக் கொடுப்பது நல்லது.

கேரளத்தில் 2015இல் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அம்மாநில அரசின் தூய்மை அமைப்பான சுசித்வா மிஷன் 'பசுமை நெறிமுறை' வகுத்தது. தூக்கியெறியும் பாத்திரங்களுக்குப் பதில் கழுவிப் பயன்படுத்துபவை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் முடிந்தது நூறு பேருக்கு முடியாதா?

சாப்பாடு பந்தியில், வாழை இலையில். இலை மோகனூர்ப் பக்கத்துக் காவிரிக் கரையிலிருந்து வரும். சாமைச் சோறு, கொள்ளு ரசம், கீரை, நீர்மோர். இடைவேளைக்கு ஆட்டையாம்பட்டி முறுக்கும் வேகவைத்த கடலையும். சாப்பிடப் போகிறவர் யார் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிட்டோம். அளவு தெரியாமல் சமைப்பதுதான் வீணாக்குவதன் தொடக்கம்.

மார்ச் 5

முதல் நாள். மாசி வெயில் ஏறிவிட்டது. குளிர்சாதன அரங்கு வேண்டாமென்று, வேப்பமரங்களுக்கு நடுவிலுள்ள பழைய கூடத்தில் வைத்தோம். காலை எட்டரைக்கே தொடங்கி, மதியம் இடைவேளை நீட்டி, மூன்றரைக்கு மறுபடி கூடினோம்.

திரையில் தொடக்கவுரை. வரவேற்பிலும் வாழ்த்திலும் நேரம் போகாததால் பேச்சு முழுதாக அமைந்தது. திணைக் கொள்கையைச் சூழலியல் நோக்கில் விரித்த நிர்மல் செல்வமணியின் பணியிலிருந்து உரையாளர் தொடங்கினார். நிலமும் உயிரும் மனிதரும் ஒரே குடும்பம் என்பதே திணை என்று அவர் சொன்னபோது கூடம் அமைதியாக இருந்தது. பிறகு மாணவர்கள் ஏழு பேர் கேள்வி கேட்டார்கள். சிறப்பு விருந்தினரிடம் மாணவர் கேள்வி கேட்டதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மார்ச் 6

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். கார்களைக் குறைக்க முடிந்ததே தவிர ஒழிக்க முடியவில்லை. வரும் வழியில் பாட்டில் தண்ணீர் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒருமுறை இணைய இணைப்பு அறுந்து ஓர் உரை பத்து நிமிடம் நின்றது. டம்ளர் கழுவத் தண்ணீர் அதிகம் செலவானது. அந்தத் தண்ணீரை வாழைக்கு விட வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும்.

மாலையில் மாணவர்களோடு கூடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தேன். இலைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மிச்சம் ஒரு சாக்கு. சென்ற ஆண்டு புகை எழுந்த இடத்தை நினைத்துக்கொண்டேன். இங்கே கொளுத்த எதுவும் இல்லை.

மார்ச் 10

மதியம்பட்டி வரை போய்வந்தேன். ஏற்காட்டு மலையில் பிறந்து சேலத்தைக் கடந்து வரும் திருமணிமுத்தாறு இங்கே எங்கள் ஒன்றியத்துக்குள் ஓடுகிறது. நகரத்துச் சாக்கடையும் சாயக் கழிவும் கலந்து, நீர் கூடும் நாள்களில் நுரை பொங்கும் ஆறு. கரையோரம் காகிதக் கோப்பைகளும் கிடந்தன. எந்த ஊரில் யார் குடித்துப் போட்டவையோ.

இந்த ஆற்றை ஒரு கருத்தரங்கு மீட்டுவிடாது. ஆனால் ஆற்றைப் பற்றிப் பேசக் கூடுகிறவர்கள் ஆற்றுக்குச் சுமை சேர்க்காமல் கூட முடியும். அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. எங்களுக்குச் செலவு குறைந்தது. ஒரு கருத்தரங்கின் சுமை அது நடக்கும் நாளில் தீர்மானமாவதில்லை. யாரை, எங்கிருந்து, எதில் ஏறி, எத்தனை நாளுக்கு வரச் சொல்கிறோம் என்று எழுதும் நாளிலேயே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. கோப்பையும் பேனரும் அதற்குப் பிறகு.

அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பிதழ் எழுதப்போகும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: விருந்தினர் பெயரை எழுதும் முன், பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரை எழுதுங்கள்.