சுரங்கமும் கோயிலும்

பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி மாளிகைக்கு அழைத்து வரப்படும் பள்ளிப் பிள்ளைகள், அதன் வளைவுகளையும் கோபுரத்தையும் ஏறிட்டுப் பார்ப்பதற்கு முன்னமே, இரகசியச் சுரங்கம் எங்கே இருக்கிறது என்றுதான் விசாரிக்கிறார்கள். சிறுவர் நாவல் ஒன்றை ஆரம்பிக்க இதைக் காட்டிலும் சிலாக்கியமான கேள்வி ஈப்போ வட்டாரத்தில் அகப்படாது. ஆயினும், சுரங்கத்தை மாத்திரம் நம்பி எழுதப் புகுந்தவனுக்கு ஐந்தாம் அத்தியாயத்திலேயே சரக்குத் தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். அந்த இடத்தில் கைகொடுக்க ஒரு கிளைக்கதை வேண்டும். அதுவும் அந்த மண்ணிலேயே முளைத்ததாக இருக்க வேண்டும்.

அத்தகைய கதையொன்று சற்றுத் தொலைவிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தால் செல்வந்தரான வில்லியம் கெல்லி ஸ்மித், 1915-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய இந்தக் கட்டட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்தார் என்பதும், ஸ்பானிய விஷஜுரம் பரவி அவர்களில் பலர் மாண்டபோது எஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஆலயம் வேண்டுமென்று கேட்க, அவர் கட்டிக் கொடுத்தார் என்பதும், நன்றி மறவாத அந்த ஜனங்கள் ஆலயத்தின் மேல் தெய்வ உருவங்களோடு துரையின் உருவத்தையும் நிறுத்தினார்கள் என்பதும், மாளிகையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடும் சமாசாரங்கள்.

இதை நாவலோடு பிணைக்கும் விதத்தைக் கல்கியிடம் கற்கலாம். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அவருடைய ‘பொன்னியின் செல்வ’னில், பூங்குழலியின் நிறைவேறாத ஆசை சோழ அரசியலோடு ஒட்டாத தனிக்கதை போலவே முதலில் தோன்றினாலும், கடலில் தத்தளிக்கும் இளவரசரைக் கரைசேர்க்க அவளுடைய படகுதான் வந்தாக வேண்டியிருக்கிறது, அவளன்றி முடியாத ஒரு காரியத்தைக் கல்கி அவளிடம் ஒப்படைத்திருக்கிறார். நம் சிறுவர் எழுத்தாளரில் சிலரோ கிளைக்கதையை உபதேசம் செய்வதற்கான இடமாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு மேலே போய்விடுவது நியாயமே.

ஆகையால், சுரங்கம் தேடும் பையன்களோடு ஒரு சிறுமியையும் அனுப்பலாம். விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடி, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலையும் காய்ந்த ஒட்டுப்பாலையும் சேர்த்தே ஆயுளைக் கழித்த அவளுடைய பாட்டிக்கு, விஷஜுரத்தில் போன தன் பாட்டனாரின் பெயர்கூடத் தெரியாது. அந்தப் பெயரைத் தேடித்தான் சிறுமி வருகிறாள். சுரங்கத்துக்கு வழி அறிந்தவர் ஆலயத்துப் பூசாரியாகவும், பையன்களுக்கு மசியாத அவரை வாய் திறக்க வைப்பது அவளுடைய கேள்வியாகவும் அமைந்துவிட்டால், இரண்டு தேடலும் ஒன்றையொன்று விட்டு நகரமாட்டா. இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் அவளைக் காணாமல் விடலாகாது. இளம் வாசகர் மறந்துவிடுவார்கள்.

1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை வேலை நின்றது. பிற்பாடு பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனையாகி, லயங்கள் கலைந்து, அங்கிருந்தவர்கள் ஈப்போவுக்கும் சுற்றுப்புறங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய நினைவுகள் மறையுமுன் இந்த நாவலை அந்த வட்டாரத்துத் தமிழாசிரியர் யாரேனும் எழுத வேண்டும். எழுதுகிறவர் ஆலயத்தையே பிரதான கதையாக்கி, துரையின் சரித்திரத்தைக் கிளைக்கதையாக வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை.