பள்ளத்துக்கு முன்னால் ஆறு பேர்

நேப்பிள்ஸ் நகரத்து இரைச்சலை விட்டு மேடேறினால் கபோடிமோன்டே அரண்மனை வருகிறது. தாய்வழியில் கிடைத்த ஃபர்னேசே குடும்பத்து ஓவியங்களை வைக்க இடம் தேடிய பூர்பன் அரசர் சார்ல்ஸ் 1738இல் இதைக் கட்டத் தொடங்கினார். கூட்டமெல்லாம் திஷியனின் ஓவியங்கள் பக்கம் போக, நான் ஃபிளாண்டர்ஸ்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். மூத்த பீட்டர் ப்ரூகல் 1568இல் வரைந்த ‘பார்வையற்றோர் உவமை’ இங்கேதான் இருக்கிறது.

ஒன்றரை மீட்டர் அகலத் துணி. எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு துளியும் இல்லை. பசையில் குழைத்த வண்ணத்தை லினனில் நேராகப் பூசி, வார்னிஷ் அடிக்காமல் விடும் முறை இது. இப்படி வரைந்தவற்றில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. இதுவும் முழுதாகத் தப்பவில்லை. பழைய பிரதிகளில் நடுவில் ஒரு மாடு மேய்ப்பவர் இருக்கிறார். மூலத்தில் அவர் உதிர்ந்துபோய்விட்டார்.

பார்வையற்றவருக்குப் பார்வையற்றவர் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்று யூத மதத் தலைவர்களான பரிசேயர்களைப் பற்றி இயேசு சொன்னது மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. நம் திருமூலரும் போலிக் குருக்களை நம்புகிறவர்களுக்கு இதே குழியைத்தான் காட்டுகிறார். கதைக்கு இரண்டு பேர் போதும். ப்ரூகலுக்கு முந்திய, ஓவியர் போஷின் பாணியில் அமைந்த அச்சுப்படத்தில் இரண்டு பேர்தான். ப்ரூகல் ஆறு பேரை நிறுத்தியதில்தான் சாமர்த்தியம். முன்னால் போனவர் தன் இசைக்கருவியோடு பள்ளத்தில் மல்லாந்து கிடக்கிறார். இரண்டாமவர் விழுந்துகொண்டிருக்கிறார். மூன்றாமவரின் கைக்கோல் வழியாக அந்த இழுப்பு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. நான்காமவருக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. கடைசி இருவருக்கு இன்னும் சேதியே வரவில்லை, நம்பிக்கையோடு நடக்கிறார்கள். ஒரே விழுகையை ஆறு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார்.

கிட்டப் போனேன். கண்காணிப்பாளர் கையசைத்துத் தள்ளி நிற்கச் சொல்லும்வரை கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாமவருக்குக் கருவிழியில் பூ விழுந்திருக்கிறது. நான்காமவரின் விழி சுருங்கி உள்ளே போய்விட்டது. விழப்போகிற இரண்டாமவர் நம் பக்கம் திரும்புகிறார்; இமையும் இல்லை, விழியும் இல்லை, இரண்டு குழிகள் மட்டும். நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இந்த முகங்களில் நுணுக்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஷார்கோ, 20ஆம் நூற்றாண்டில் டோரியோன் என்று பிரெஞ்சு மருத்துவர்களே இவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். பார்வையில்லாதவர்களை இமை மூடியவர்களாக வரைவது அதுவரை வழக்கம். ப்ரூகல் தலையை நிமிர்த்தி, காதையும் மூக்கையும் முன்னே நீட்டி நடக்கவிடுகிறார். தெருவில் நின்று பார்த்தவர்தான் இப்படி வரைய முடியும்.

பக்கத்தில் ஒரு வழிகாட்டி பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னணியில் இருக்கும் தேவாலயத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். பிரசெல்ஸுக்கு மேற்கே உள்ள சிந்த்-அன்னா-பேடே கோயில் அது, இன்றும் இருக்கிறது. உண்மையான விசுவாசம் அசையாமல் நிற்கிறது என்பார் ஒருவர். பக்கத்திலேயே இத்தனை பேர் விழுந்தும் தடுக்காத திருச்சபை என்பார் இன்னொருவர். கோயிலுக்கு முன்னால் நிற்கும் பட்டமரத்தை இந்த இன்னொருவர் சாட்சிக்கு இழுப்பார். ஆல்பா பிரபுவின் ஸ்பானியப் படை 1567இல் பிரசெல்ஸில் நுழைந்தது, அடுத்த ஆண்டே எக்மான்ட், ஹோர்ன் என்ற உள்நாட்டுப் பிரபுக்களின் தலைகள் நகரச் சதுக்கத்தில் விழுந்தன. அந்த ஆண்டுப் படத்தில் அரசியல் தேடுவது இயல்புதான். ப்ரூகல் ஒரு வரி விளக்கமும் விட்டுப்போகவில்லை. சாகும்போது சில சித்திரங்களை எரித்துவிடும்படி மனைவியிடம் சொன்னார் என்று ஓவியர்களின் வரலாற்றைத் தொகுத்த கரெல் வான் மாந்தர் 1604இல் எழுதியிருப்பது மட்டும் உண்டு.

1568இலேயே இதே பசை வண்ண முறையில் ப்ரூகல் வரைந்த ‘மனித வெறுப்பாளர்’ ஓவியமும் இந்த அரண்மனையில்தான் இருக்கிறது. கறுப்பு அங்கி போட்ட கிழவர் உலகமே பொய் என்று முகம் திருப்பிப் போகிறார். பின்னால் ஒருவன் அவருடைய பணப்பையை அறுக்கிறான். வழியில் இரும்பு நெருஞ்சிகள் கிடப்பதும் அவர் கண்ணில் படவில்லை. அதில் சின்னங்கள் அதிகம், ஆனால் மனம் ஒட்டவில்லை. தூரத்தில் ஆடு மேய்ப்பவன் மட்டும் தன் வேலையைப் பார்க்கிறான்.

இந்த உவமையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இயேசு சாடியது கண் இருந்தும் வழி தெரியாத தலைவர்களை. அடி வாங்குவதோ பார்வையற்ற ஏழைகள். ப்ரூகலுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சிரிப்பதற்கு இடமே வைக்காமல் ஒவ்வொருவரின் நோயையும் இத்தனை கவனமாக வரைந்ததற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. தேவாலயக் கோபுரத்தைப் பற்றிய வாதங்களைவிட இந்தக் கண்களில்தான் படத்தின் நீதி இருக்கிறது. நேப்பிள்ஸ் போகிறவர்கள் பொம்பேயிக்கு ஒதுக்கும் நாளில் ஒரு மணி நேரத்தையாவது மிச்சம் பிடித்து இந்த மேட்டுக்கு வாருங்கள். கோபுரத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.