சிதம்பரம் மணியும் ஜோனதன் ஹார்வியின் பியானோவும்

கடலூரில் பஸ் ஏறி, வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரத்தில் இறங்கும்போது மணி ஐந்தேகால். கீழ சன்னதிக்குப் பத்து நிமிஷ நடை.

போனில் ஒரு பியானோ இசை ஏற்றி வைத்திருந்தேன். இங்கிலாந்தின் ஜோனதன் ஹார்வி 1994-இல் எழுதிய ‘டோம்போ த மெஸ்ஸியான்’. 1992-இல் மறைந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியானுக்கு அஞ்சலி. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதைக் கேட்கச் சிதம்பரம் எதற்கு? ஹார்விக்கு மணியோசைமேல் பித்து. வின்செஸ்டர் தேவாலயத்துப் பெரிய மணியையும் தன் மகனின் குரலையும் மட்டுமே வைத்து 1980-இல் ஒரு படைப்பைச் செய்தவர். 1983-இல் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் ‘நடராஜா’ என்றே ஒன்று எழுதினார். நடராஜர் கோயில் மணியைக் கேட்ட காதோடு அவரைக் கேட்டுப் பார்க்க ஆசை.

செருப்பு விட ஐந்து ரூபாய். கோபுர வாசல் சுவரில் கரணச் சிற்பங்கள். கை எட்டும் உயரத்தில் இருப்பவை எண்ணெய் ஏறிப் பளபளக்கின்றன. ஆறு மணி தீபாராதனைக்கு மணி முழங்கியது. “ஓம்னு கேக்குதா பாருங்க” என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் நாலைந்து சுரங்கள் ஒன்றாகக் கிளம்பின. மேலே இருந்தவை சட்டென்று அவிந்தன. அடியில் ஒரு ரீங்காரம் மட்டும், மணி நின்ற பிறகும் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது.

வெளியே கீழ வீதியில் இருபது ரூபாய்க் காபி. இயர்போனை மாட்டினேன். மேடையில் வாசிக்கும் பியானோவோடு, முன்பே பதிந்த ஒலியும் ஒலிபெருக்கியில் சேர்ந்து வரும் படைப்பு இது. மேடைப் பியானோ வழக்கமான சுருதியில் ஓடுகிறது. ஒலிபெருக்கியில் வருவதும் பியானோ ஒலிதான்; ஆனால் ஒரு தந்தியிலிருந்து இயல்பாகக் கிளம்பும் மேல்சுரங்களின் வரிசைப்படி சுருதி மாற்றிப் பதிந்தது. இரண்டும் மோதுகிற இடத்தில் பளிச்சென்று ஒரு கூச்சம்; பியானோ மணியாகிவிடுகிறது.

இந்த மேல்சுரங்கள் நமக்குப் பழக்கமானவைதான். நல்ல தம்புராவில் தானாகப் பிறக்குமே சுயம்பு காந்தாரம், அது பியானோவின் காந்தாரத்தைவிடக் கொஞ்சம் இறங்கியது. அரைச்சுர இடைவெளியை நூறாகப் பிரித்தால் சுமார் 14 பங்கு. ஹார்வி இப்படிப்பட்ட சின்ன வித்தியாசங்களுக்குள்தான் விளையாடுகிறார்.

மெஸ்ஸியானும் நமக்கு வேற்றாள் இல்லை. சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ சொல்லும் தேசி தாளங்களைத் தன் இசையில் எடுத்தாண்டவர்.

மேல்நாட்டு நவீன இசை வெறும் இரைச்சல் என்று சொல்லித்தான் கேள்வி. தம்புராவோடு பழகிய காது இதற்கு மிரளத் தேவையில்லை. பியானோவை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்களைவிட நமக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும்.