அளவு நாடா

என் அலமாரியில் இருக்கும் உடைகளில், முதுகுப்பக்கம் திறப்பு இருந்தும் இன்னொருவர் கையை எதிர்பார்க்காதது ஒன்றுதான். கடலில் நீந்தும்போது அணியும் வெட்சூட். அதன் ஜிப் நுனியில் நீளமான நாடா தொங்கும். கையைப் பின்னால் கொண்டுபோய் அதைப் பிடித்து மேலே இழுத்தால் போதும். பின்கொக்கி வைத்த ரவிக்கை அணியும் நாட்களில் நான் அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

நாற்பது வயதுக்குப் பிறகு கடலில் நீந்தத் தொடங்கியவள் நான். "நம்ம கடலுக்கு எதுக்குடி ரப்பர் சட்டை?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கோவளத்தில் தண்ணீர் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் உடலின் சூடு 37 டிகிரி. தண்ணீர் அதைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். நான் மெதுவாக நீந்துபவள். மெதுவாக நீந்துபவர்களுக்குக் குளிர் சீக்கிரம் வரும். வெயிலும் சொறிமீனும் வேறு. அரைமணி நேரத்துக்கு முழுக்கை லைக்ரா உடை போதும். அதற்கு மேல் நீந்தினால் எனக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். குளிர்நாட்டுக்காரர்களின் ஐந்து மில்லிமீட்டர் உடையை இங்கே அணிந்தால் வெந்துபோவோம்.

நியோபிரீன் ரப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடைபட்டிருக்கின்றன. சூட்டைத் தடுத்து வைப்பவை அவைதான். தோலுக்கும் ரப்பருக்கும் இடையே புகும் கொஞ்சம் நீரை நம் உடலே சூடாக்கிக்கொள்ளும். எங்காவது தளர்ந்திருந்தால் அந்த நீர் வெளியேறிப் புதுநீர் புகுந்துகொண்டே இருக்கும். ஆகவே இந்த உடையில் அளவுதான் எல்லாம். அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் இதைக் கடற்படையின் முக்குளிப்பவர்களுக்காக உருவாக்கினார். ஆண் உடலை வைத்துப் பிறந்த உடை.

நான் போன கடையில், "லேடீஸ் சைஸ் வராது மேடம், ஜென்ட்ஸ் மீடியம் எடுத்துக்கங்க" என்றார்கள். அது மார்பிலும் இடுப்பிலும் இறுக்கியது. முதுகின் கீழே பை போல் நின்றது. வாங்காமல் திரும்பினேன். வீட்டில் அளவு நாடாவை எடுத்து மார்பு, இடை, இடுப்பு, உயரம் என்று குறித்துக்கொண்டு, பெண்களுக்கான வெட்டில் வரவழைத்தேன். ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது எவ்வளவு இறக்கம், எவ்வளவு மறைப்பு என்றுதான் பேச்சு நடக்கும். இங்கே கேள்வியே வேறு. கையைத் தலைக்கு மேல் தூக்கி இருபது முறை சுழற்ற முடிகிறதா? குந்தி எழ முடிகிறதா? ஆழமாக மூச்சு வாங்க இடம் இருக்கிறதா? கழுத்து நெரிக்கிறதா? கரையில் சற்று இறுக்கமாக இருந்தால் சரி. நனைந்ததும் கொஞ்சம் இளகும்.

அணியும்போது நகத்தால் பிடித்து இழுக்கக் கூடாது, கிழிந்துவிடும். விரல் நுனிச் சதையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கி இறங்கும். நீந்தி வந்ததும் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர், வாஷிங் மெஷின், முறுக்கிப் பிழிவது எதுவும் ஆகாது. தோளில் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் இழுபட்டுவிடும். இடுப்பில் மடித்துத் தடித்த கழியில் போட வேண்டும். அதுவும் நிழலில். நம் வீடுகளில் பெண்களின் உள்ளாடைகள் துண்டுக்கு அடியில் ஒளிந்து காய்கின்றன. வெட்சூட்டும் வெயில் படாமல்தான் காய வேண்டும். ஆனால் காரணம் வெட்கமல்ல, ரப்பரை வெடிக்கவைக்கும் புற ஊதாக் கதிர்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். கரையில் காத்திருக்கும் பெண்ணைப் பற்றி மாணவிகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தழையுடை அணிந்து கடலாடும் மகளிரும் சங்கப் பாடல்களில் உண்டு. அவர்களைப் பற்றித் தேர்வில் கேள்வி வருவதில்லை.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு மூழ்குகிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். கொரியாவின் ஜெஜூ தீவில் முக்குளிக்கும் ஹேன்யோ பெண்களும் 1970கள் வரை பருத்தி உடையில்தான் இறங்கினார்கள். ரப்பர் உடை வந்ததும் குளிர் குறைந்தது. நீருக்குள் உழைக்கும் நேரம் நீண்டது. 2016இல் யுனெஸ்கோ அவர்களின் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுதலையாக இருக்கும் அதே உடை இன்னொருத்திக்குக் கூடுதல் வேலைநேரமாகவும் ஆகலாம். அதனால் பாம்பன் பெண்களுக்கு இது வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எத்தனை மணி நேரம், என்ன கூலி, எந்தத் தடிமன் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ள, அளவு நாடாவோடு ஒருவராவது அந்தக் கரைக்குப் போக வேண்டும்.