குளிர்பெட்டிக்குள் ஒருத்தி

சூப்பர் ஹீரோ படங்கள் இன்னும் இருண்டதாக, முரட்டுத்தனமாக இருக்க வேண்டுமா என்று வகுப்பில் பேச்சு வந்தால் பையன்கள் உடனே ‘தி டார்க் நைட்’ என்பார்கள். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அந்த இருட்டுக்கு விலை கொடுத்தது யார்? ரேச்சல். கட்டிப்போடப்பட்டு, வெடித்துச் சாகிறாள். அவள் சாவில் ஹார்வி டென்ட் கொலைகாரனாகிறான். பேட்மேன் துக்கத்தில் ஆழ்கிறான். ஹார்வியைத்தான் மணக்கப்போகிறேன் என்று அவள் எழுதிய கடிதத்தை ஆல்ஃபிரட் எரித்துவிடுகிறார். பேட்மேனின் மனம் நோகக் கூடாதாம். ஒரு பெண் எடுத்த முடிவு சாம்பலானதை ‘பெருந்தன்மை’ என்று நாமும் பார்த்துவிட்டு வந்தோம்.

இந்த வழக்கம் காமிக்ஸிலிருந்து வந்தது. 1994இல் ‘கிரீன் லான்டர்ன்’ கதையில், வீடு திரும்பும் நாயகன் தன் காதலியைப் பிணமாகக் குளிர்பெட்டிக்குள் காண்கிறான். 1999இல் கெய்ல் சிமோன் இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டார். அப்போது அவர் முடி திருத்தும் தொழிலில் இருந்த ஒரு வாசகி. (விமர்சனத்துக்கு முனைவர் பட்டம் தேவையில்லை என்று என்னைப் போன்றவர்கள் அவ்வப்போது நினைத்துக்கொள்வது நல்லது.) பிற்பாடு ‘வொண்டர் உமன்’ காமிக்ஸையே அவர் எழுதினார்.

1988இன் ‘தி கில்லிங் ஜோக்’கில் ஜோக்கர் பார்பரா கார்டனைச் சுடுகிறான், ஆடை களைந்து படமெடுக்கிறான். குறி அவளல்ல, அவளுடைய அப்பா. அவருக்குப் பைத்தியம் பிடிக்க வைக்க அவள் உடம்பு ஒரு கருவி. அடுத்த ஆண்டே கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ரண்டரும் அவளைச் சக்கர நாற்காலியில், கணினி முன்னால், ‘ஆரக்கிள்’ என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். முந்தைய கதை அவளைப் பற்றி யோசிக்காததை இவர்கள் யோசித்தார்கள்.

அதனால் இருட்டே வேண்டாம், வண்ணமயமாக எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2015இல் மெலிசா ரோசன்பெர்க் உருவாக்கிய ‘ஜெசிகா ஜோன்ஸ்’ தொடரைவிட இருண்டது எது? கில்கிரேவ் வாயால் சொன்னால் போதும், கேட்பவர் செய்தே தீர வேண்டும். சிரி என்றால் அவள் சிரிக்க வேண்டும். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் அந்தக் கட்டளையைக் கேட்காத பெண் யார்? அவன் அவளுக்கு இழைத்த பாலியல் வன்முறையைத் தொடர் நமக்குக் காட்சியாக விருந்து வைப்பதில்லை. அதன் பின்னான நாட்களைத்தான் காட்டுகிறது: குடி, தூக்கமின்மை, கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடல். நினைவு வந்து மூச்சு முட்டும்போது, சின்ன வயதில் குடியிருந்த பகுதியின் தெருப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்கிறாள்.