வீட்டுக்கு அடியில நுரை அடிக்கலாமா?

நம்மூர்ல வீடு கட்டினா அஸ்திவாரத்துக்குள்ள மண்ணைக் கொட்டி, திமிசு போட்டு, மேல தரை போட்ருவாங்க. கதை முடிஞ்சது. இங்க வட கரோலினாவுல நிறைய வீடுகளுக்கு அப்படியில்லை. தரைக்கும் மண்ணுக்கும் நடுவுல மூணு நாலு அடி வெற்றிடம். தவழ்ந்துதான் உள்ள போகணும், அதான் பேரே கிரால் ஸ்பேஸ். போன்ல விளக்கினப்போ அப்பா கேட்டார்: "ஏன்டா, கடனை வாங்கி பாம்புக்கும் எலிக்கும் சேர்த்தா வீடு வாங்கியிருக்கே?"

நியாயமான கேள்விதான். ஆனா எங்க பிரச்சினை பாம்பு இல்லை, ஈரம். கோடை வந்தா தரைக்கடியிலேர்ந்து பூஞ்சை வாடை. தங்கமணிக்கு சின்ன வயசுலேர்ந்தே வீசிங். பொண்ணு வேற இப்பதான் தவழ ஆரம்பிச்சிருந்தா. மேல அவ தவழ, கீழ நான் டார்ச்சோட தவழ, ஒரே குடும்பக் காட்சி!

பார்க்க வந்த காண்ட்ராக்டர் பதினஞ்சே நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டார். தரையோட அடிப்பக்கம் முழுக்க ஸ்ப்ரே ஃபோம் அடிச்சிடலாம், ஓபன் செல்லா க்ளோஸ்டு செல்லான்னு மட்டும் நீங்க சொல்லுங்கன்னார். அவர் சொன்ன தொகை எங்களோட ஆறு மாச சேமிப்பு. சரி, கோட் ரிவ்யூ பண்ணாம எதையும் ரிலீஸ் பண்றதில்லைன்னு படிக்க உட்கார்ந்தேன்.

முதல்ல ரெண்டு ரகத்தையும் பார்த்துடலாம். ஓபன் செல் பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கும். வெப்பத்தைத் தடுக்கிற ஆர்-வேல்யூ இன்ச்சுக்கு 3.5 சுமார். விலை கம்மி, ஆனா நீராவியை உள்ள விடும், தண்ணி பட்டா பிடிச்சு வச்சுக்கும். க்ளோஸ்டு செல் கெட்டி. இன்ச்சுக்கு 6லேர்ந்து 7. ரெண்டு இன்ச் அடிச்சா நீராவியையும் பெருமளவு தடுத்துடும். ஈரமான இடத்துக்கு எதுன்னு கேட்டா க்ளோஸ்டு செல்தான். அவ்ளோதானே?

இல்லைங்க. ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு யாருமே கேக்கலையே! வெளியில 32 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னா, அந்தக் காத்து 23 டிகிரிக்குக் கீழ இருக்கிற எதைத் தொட்டாலும் தண்ணியா மாறும். ஜில்லுனு மோர் ஊத்தின சொம்பு வியர்க்குதே, அதே கதை. சுவர்ல இருக்கிற காத்துத் துவாரங்கள் வழியா கோடைக்காத்து உள்ள வந்து, குளிர்ந்து கிடக்கிற மரத்துல வியர்க்குது. காயறதுக்காக வச்ச துவாரமே நனைக்குது. இது போக, மூடாத மண்ணுலேர்ந்து ஏறி வர்ற ஈரம் தனி.

இதே மாநிலத்துல பிரின்ஸ்வில்ங்கிற ஊர்ல அட்வான்ஸ்டு எனர்ஜிங்கிற அமைப்பு 2000களின் தொடக்கத்துல 12 வீடுகளை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. துவாரத்தை மூடி, மண்மேல ஷீட் போட்டு சீல் பண்ணின வீடுகள் காய்ஞ்சு இருந்துச்சு. ஏசி, ஹீட்டர் செலவும் 15 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது.

ரெண்டாவது கேள்வி, நுரை எதை மறைக்கும்? சமையலறை பைப் ஒழுகினா முன்னாடி கீழ சொட்டும், தெரிஞ்சுடும். தரையடியை க்ளோஸ்டு செல்லால மூடிட்டா தண்ணி மரத்துலயே நிக்கும், மரம் உளுத்த பிறகுதான் தெரியும். கரையான் நுரையைத் தின்னாது, ஆனா குடைஞ்சுக்கிட்டு மேல போகும். அதைப் பார்க்கத்தான் சுவரோட மேல் விளிம்புல மூணு இன்ச் வெறுமையா விடுவாங்க.

மூணாவதுதான் என்னைத் தூங்க விடாதது. இந்த நுரை கடையில வாங்கி ஒட்டற பொருள் இல்லை. ரெண்டு ரசாயனத்தை நம்ம வீட்லயே கலந்து அடிக்கிறாங்க. அதுல ஒண்ணு ஐசோசயனேட். அதோட ஆவி ஆஸ்துமாவைத் தூண்டும், இல்லாதவங்களுக்கே வரவழைக்கவும் கூடும். கலவை விகிதம் சரியா இருந்து, அடிச்ச பிறகு ஒரு நாளாவது வீட்டை விட்டு வெளிய இருந்தா பொதுவா பிரச்சினை இல்லை. விகிதம் தப்பினா வாடை மாசக்கணக்குல நிக்கலாம். சுரண்டித்தான் எடுக்கணும். ரோல்பேக் இல்லாத ரிலீஸ்! வீசிங்குக்காக செய்யற வேலை வீசிங்கையே கொண்டு வந்தா எப்படி?

கடைசியில முடிவு இது. முதல்ல கூரைத்தண்ணி சுவரோரமா விழாம பைப்பை நீட்டினோம். மண்மேல கனமான பிளாஸ்டிக் ஷீட், ஓரமெல்லாம் டேப். துவாரங்கள் மூடல். சுவருக்கு ரெடிமேட் ஃபோம் போர்டு, வேணும்னா கழட்டிக்கலாம். ஒரு டீஹ்யூமிடிஃபையர். ஸ்ப்ரே ஃபோம் சுவர்மேல தரை உட்கார்ற விளிம்பு மரத்துல மட்டும், க்ளோஸ்டு செல், ரெண்டு இன்ச். போர்டு வெட்டி அடைக்கவே முடியாத சந்து அது. கரையான் பரிசோதகரைக் கேட்டு எங்க இடைவெளி விடணும்னு குறிச்சப்புறம்தான் அடிச்சோம். தங்கமணியும் பொண்ணும் ரெண்டு நாள் நண்பர் வீட்ல.

முன்னாடி 85 காட்டின ஈரப்பத மீட்டர் இப்ப 55. வாடை இல்லை. இன்ஹேலர் இன்னும் தங்கமணி ஹேண்ட்பேக்லதான் இருக்கு. ஆனா இந்தக் கோடையில ஒரு ராத்திரிகூட எழுந்து அதைத் தேடலை.

பி.கு: உங்க கிரால் ஸ்பேஸ்ல கேஸ் ஹீட்டர் இருந்தா, மூடறதுக்கு முன்னாடி அது எங்கேர்ந்து காத்து எடுக்குதுன்னு பார்த்துடுங்க மக்களே. அதுல விளையாட்டு வேண்டாம்.