ஐந்து நாட்களுக்கு ஒரு பை

 

ஹஜ்ஜுக் காலம் நெருங்கும்போது நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் விளக்க வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. தவாஃபின் சுற்றுகள், ஸயீயின் முறை, அரஃபாவில் கேட்க வேண்டிய துஆக்கள் என எல்லாவற்றையும் ஆலிம் பெருமக்கள் அழகுற எடுத்துரைக்கிறார்கள். ஆனால் துல்ஹஜ் பிறை 8 அன்று மக்காவின் தங்குமிடத்தை விட்டு மினாவுக்குப் புறப்படும் ஒரு பெண், தன் தோளில் எதை மாட்டிக்கொள்ள வேண்டும், எதை அறையிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. இதெல்லாம் ஒரு பாடமா என்று நீங்கள் கேட்கலாம். பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இதுவும் பாடமே.

ஹஜ்ஜு என்பது விமானத்தில் போய் விமானத்தில் திரும்புகிற பயணமாக இன்று மாறிவிட்டதாக நாம் எண்ணுகிறோம். அந்த ஐந்து நாட்கள் மட்டும் இன்னும் காலால் நடக்கிற பயணமாகவே இருக்கின்றன. மினாவிலிருந்து அரஃபா சுமார் 14 கிலோமீட்டர். அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அங்கிருந்து ஜம்ராக்கள் இருக்கும் இடம் வரை நடை, கல்லெறிந்தபின் மக்காவுக்கு நடை, அங்கே ஏழு சுற்றுத் தவாஃப், ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு முறை சென்றால் மூன்று கிலோமீட்டர் அளவுக்கு மற்றொரு நடை. பேருந்துகள் உண்டு, 2010 முதல் ரயிலும் ஓடுகிறது. ஆயினும் எல்லாருக்கும் ரயில் வாய்ப்பதில்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் ஒரே திசையில் நகரும்போது பேருந்து அப்படியே நின்றுவிடும். இறங்கி நடப்பதைத் தவிர வேறு வழி இராது. அப்போதுதான் தோளில் தொங்குகிற பை பேசத் தொடங்கும்.

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் அருளால் 2019-ஆம் ஆண்டு என் கணவரோடு அந்தப் பாக்கியம் எனக்குக் கிட்டியது. மினாவின் கூடாரத்தில் ஓர் ஆள் புரண்டு படுக்கவும் போதாத மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. மெத்தையின் தலைமாட்டில் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவுதான் நம் உடைமைக்கு உரிய இடம். எங்கள் கூடாரத்துப் பெண்கள் பை திறந்தபோது வெளிவந்தவற்றைப் பார்த்தேன். முறுக்கு டப்பா, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, நல்லெண்ணெய்ப் புட்டி, கஞ்சி மாவு, மின்சாரக் கெண்டி, ஆறு மாற்றுடைகள், கனத்த கம்பளி முஸல்லா! கூடாரத்தில் வேளாவேளைக்கு உணவு வந்துகொண்டிருந்தது. அதை அறிந்தே இவற்றைச் சுமந்து வந்திருந்தார்கள். "அவருக்கு அந்தச் சோறு இறங்காது" என்றார் ஒருவர். "பிள்ளைக்குக் காரம் இல்லாமல் முடியாது" என்றார் மற்றொருவர். தனக்காக என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் அங்கே கண்டேன். இஹ்ராம் கட்டிய ஆணின் உடை தையலற்ற இரு துணிகள். அதில் சட்டைப்பை கிடையாது. ஆகவே கைப்பேசி, பணம், மூக்குக்கண்ணாடி, இரத்த அழுத்த மாத்திரை, அறைச் சாவி, சில வேளைகளில் செருப்புங்கூட மனைவியின் பைக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பையுள்ள வார் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இஹ்ராமில் அதை அணிவதற்குத் தடையில்லை. எனினும் மனைவியின் தோள் அதைவிட எளிதாகக் கிடைத்துவிடுகிறது போலும்.

முஸ்தலிஃபாவின் இரவில், வானமே கூரையாகப் படுத்திருந்த எங்களுக்கு அருகே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சகோதரி இருந்தார். நெல்லைச் சீமைக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. ஃபஜ்ருத் தொழுகைக்குப்பின் மினாவை நோக்கி நடக்கத் தொடங்கியபோது அவர் இரு பைகளைத் தூக்கினார். ஒன்று தோளில், ஒன்று கையில். கணவரும் மகனும் வெறுங்கையோடு முன்னே சென்றனர். அரை கிலோமீட்டருக்குள் அம்மையார் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"ராத்தா, கைப்பையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் வேண்டியதுதான், ஆலிமா."

"அதை மகனிடம் கொடுக்கலாமே?"

"பழகிப்போச்சும்மா" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வந்த மகன் கதையைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பைகளையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். நல்ல பிள்ளை. தாயின் பையில் என்ன கனம் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. அந்தத் தாய் சொன்னதும் இல்லை. நம் வீடுகளில் பெண் சுமப்பதைக் கொடுமை என்று நான் சொல்லவரவில்லை. அது எவர் கண்ணிலும் படாமலே நடந்துவிடுகிறது என்றுதான் சொல்கிறேன். வணக்கத்துக்கென்று வந்த இடத்திலும் அவள் அடுக்களையை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறாள்.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் பருத்த உடலினர், மெல்ல நடப்பவர். கூட்டம் நெருக்குமுன் முஸ்தலிஃபாவிலிருந்து புறப்பட்டுவிட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. தாமும் அவ்வாறு கேட்டிருக்கலாமே என்று பின்னாளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதாகப் புகாரியில் அறிவிப்பு உண்டு. ஸவ்தா அன்னை தம் உடலின் நிலையை அறிந்திருந்தார்கள். அதை வாய்திறந்து சொன்னார்கள். எங்கள் மாணவியருக்கு இந்த ஹதீஸை நடத்தும்போதெல்லாம் அந்த நெல்லைச் சகோதரி என் நினைவுக்கு வருகிறார்.

அப்படியானால் ஒன்றும் எடுக்காமல் போய்விடலாமா? கூடாது. யமன் நாட்டிலிருந்து சிலர், தாங்கள் அல்லாஹ்வை நம்பியவர்கள் என்று சொல்லிக்கொண்டு கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் மக்களிடம் கையேந்தினார்கள். அதையொட்டியே அல்பகரா அத்தியாயத்தின் 197-ஆவது வசனம் அருளப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பயணத்துக்குத் தேவையானதை எடுத்துச்செல்லும்படி பணிக்கும் அவ்வசனம், இறையச்சத்தையே சிறந்த கட்டுச்சோறாகக் காட்டுகிறது. பிறர் பையில் கைவிடாத அளவுக்கு நமக்கு வேண்டும். நம் பை பிறரை நாடாத அளவுக்கு இலேசாகவும் வேண்டும்.

என் பை தண்ணீரோடு சேர்த்து நாலரை கிலோ இருந்தது. கையில் தூக்கும் பை வேண்டாம். இரு தோளிலும் மாட்டுகிற முதுகுப்பையே நல்லது. கூட்டத்தில் கை வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு மாற்றுடை போதும். அது பருத்தியும் செயற்கை இழையும் கலந்த மெல்லிய துணியாக இருக்கட்டும். இதன் அருமையை எங்களுக்கு உணர்த்தியது 2019 ஆகஸ்ட் 10, அரஃபா நாள். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டியது! வெயிலுக்கென்று கொண்டுபோன குடைகள் மழைக்கு விரிந்தன. கனத்த பருத்தி உடைகள் நீரைக் குடித்து இரட்டிப்புப் பளுவாயின. அன்றிரவு முஸ்தலிஃபாவில் சிலர் ஈரத்தோடே படுத்தனர். மெல்லிய துணி சிறிது நேரத்தில் உலர்ந்துவிட்டது. மாற்றுடையை ஒரு பாலிதீன் உறையில் வைத்திருந்தால் கவலையே இல்லை.

இரண்டு மக்கனா, மடக்குக் குடை, முஸ்தலிஃபாவில் விரிக்க மக்காவின் கடைத்தெருவில் விற்கிற மடக்குப் பாய் (அதுவே முஸல்லாவும் ஆகும்), வாசனையில்லாச் சோப்பு, முடி கத்தரிக்கச் சிறு கத்தரிக்கோல், நாலைந்து ஊக்கு. உணவென்றால் ஒரு பிடி பேரீச்சம்பழமும் பொட்டுக்கடலையும். கற்களுக்கு ஒரு சுருக்குப்பை. கொண்டைக்கடலை அளவுள்ள கற்கள் 49, பிறை 13 வரை தங்குவோருக்கு 70. இவற்றுக்குப் பளு என்று ஒன்று இல்லை. கைப்பிடியளவு பாறாங்கல்லைப் பொறுக்குகிறவர்களையும் பார்த்தேன், அவர்களைப் பற்றி என்ன சொல்வது!

கழிவறையைப் பற்றிச் சொல்ல நாணவேண்டியதில்லை. மினாவில் நெடிய வரிசை நிற்கும். உள்ளே பையை வைக்க உலர்ந்த இடம் இராது. கழுத்தில் மாட்டிக்கொள்ளத்தக்க நீண்ட வாருள்ள சின்னத் துணிப்பை ஒன்று இதற்கென்றே தைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பணம், மாத்திரை மூன்றும் எந்நேரமும் அதில் இருக்கட்டும்.

காலுக்கு வருவோம். ஆணுக்குக் கணுக்காலை மூடாத செருப்பு என்று இஹ்ராமில் கட்டுப்பாடு உண்டு. நமக்கு அது இல்லை. காலுறையும் கான்வாஸ் ஷூவும் அணியலாம். இந்தச் சலுகையை நம் பெண்கள் பயன்படுத்திக்கொள்வதில்லை. புறப்படுவதற்கு முந்தின வாரம் பளபளக்கும் புதுச் செருப்பு வாங்குகிறார்கள். இரண்டு மாதமேனும் பழகிய காலணியே துணை. நம் ஊர்களில் பெண் முதுகுப்பையோடு தெருவில் நடந்தால் திண்ணையெல்லாம் பேசும் என்பது எனக்குத் தெரியும். ஃபஜ்ருக்குப்பின் மொட்டை மாடி இருக்கிறதே! பையை நிரப்பி மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் சுற்றி வந்தால், எந்தப் பொருள் வேண்டாதது என்பதைத் தோளே சொல்லிவிடும்.

மாதவிலக்குக்குரிய நாப்கின்களை, கணக்குப்படி நாள் வரவில்லை என்றாலும், ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அலைச்சலில் கணக்கு மாறும். கூடாரத்தில் இதற்காக அக்கம்பக்கத்தில் கேட்டு அலைந்து அழுத ஓர் இளம்பெண்ணைப் பார்த்தேன். வழியில் இந்நிலை ஏற்பட்டு அழுத அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை நபிகளார் (ஸல்) தேற்றி, தவாஃப் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள். அரஃபாவும் முஸ்தலிஃபாவும் அவளுக்கு உண்டு. தள்ளிப்போடும் மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பக்கத்து மெத்தைக்காரரிடம் வாங்கி விழுங்காதீர்கள்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. வழியெங்கும் குடிநீர் கிடைப்பதால் அரை லிட்டர்ப் புட்டியை நிரப்பி நிரப்பிக் குடிப்பதே அறிவுடைமை. குடையையும் தண்ணீரையும் மட்டும் ஒருபோதும் குறைத்துவிடாதீர்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாத ஹஜ்ஜில் ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அனுமதிச் சீட்டின்றி வந்து, நிழலில்லாமல் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் கூறியது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

கல்லூரியில் வரலாறு படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். 1864-இல் மக்கா சென்ற போபால் அரசி சிக்கந்தர் பேகம் பெரும் பரிவாரத்தோடும் பெட்டி மூட்டைகளோடும் ஜித்தாவில் இறங்கினார். அம்மூட்டைகளால் பட்ட தொல்லையையும் எழுதிவைத்தார். அவர் நூல் 1870-இல் ஆங்கிலத்தில் வந்தது. அவருக்கும் முன்னே, அன்னை ஹாஜர் (அலை) அவர்களிடம் இருந்தது ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோற்பை தண்ணீரும்தான். அது தீர்ந்தபின், உடையின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி பள்ளத்தாக்கில் ஓடினார்கள் என்று அறிவிப்பில் வருகிறது. கையில் வேறொன்றும் இல்லை.

கடைசியாகப் பெயர்ச் சீட்டுகள். துஆக் கேட்கச் சொல்லி உற்றாரும் மாணவியரும் தந்த துண்டுக் காகிதங்களைச் சிலர் உறை உறையாகக் கொண்டுவருகிறார்கள். எல்லாப் பெயர்களையும் உள்ளங்கை அளவான ஒரே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பென்சிலால் எழுதுங்கள். அரஃபாவின் மழையில் என் அருகிலிருந்தவரின் காகிதங்கள் மை கரைந்து நீலமாகிவிட்டன. என் ஏடும் நனைந்தது. ஆனால் ஒரு பெயரும் அழியவில்லை. மஃக்ரிப் வரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன்.